ஏற்காட்டுக் காப்பிக்கு எந்தத் துறைமுகம்?

இந்த முறை பதிலுக்கு எடுத்துக்கொண்ட கடிதம் ஏற்காட்டிலிருந்து வந்திருக்கிறது. எழுதியவருக்கு வயது 36. தாத்தா காலத்துக் காப்பித் தோட்டம், நடுவே சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு. இத்தனை வருடமும் மலைக்கே வந்து எடுத்துப்போகும் வியாபாரிக்குத்தான் விற்று வந்திருக்கிறார். இப்போது பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று பேரோடு சேர்ந்து, 20 அடி கன்டெய்னர் ஒன்று நிறையப் பச்சைக் கொட்டையை ஜெர்மனியின் ஹாம்பர்க்குக்கு அனுப்பப் பேசி வைத்திருக்கிறார். வாங்குபவர் அனுப்பிய ஒப்பந்த வரைவில் ‘எஃப்.ஓ.பி. சென்னை’ என்று இருக்கிறது, அதாவது சென்னையில் கப்பலில் ஏற்றும் வரை செலவும் பொறுப்பும் விற்பவருடையது. வங்கி வழியாகப் பத்திரங்கள் போன பிறகு பணம் வரும். கூடவே சீனாவிலிருந்து ஒரு ரோஸ்டர் (காப்பிக்கொட்டை வறுக்கும் இயந்திரம்) வாங்கி, சேலத்தில் காப்பித்தூள் விற்கும் எண்ணமும் உண்டு. அதற்கு ‘சி.ஐ.எஃப். சென்னை’ என்று, அதாவது சென்னை வரை கடல் வாடகையும் இன்ஷூரன்ஸும் சேர்த்து, விலை வந்திருக்கிறது.

குழப்பம் துறைமுகத்தைப் பற்றி. மாமா, ‘மெட்ராஸ் ஹார்பர்தான் பெருசு, அங்கேயே போ’ என்கிறார். சேலத்து ஃபார்வர்டர் (சரக்கு அனுப்ப ஏற்பாடு செய்யும் ஏஜென்ட்) தூத்துக்குடி மலிவு என்கிறார். கூட்டாளி ஒருவர் கொச்சி என்கிறார், இன்னொருவர் அங்கே ஸ்டிரைக் வரும் என்று பயப்படுகிறார். விழிஞ்சத்தையும் செய்தியில் பார்த்திருக்கிறார்கள். மூன்று துறைமுகங்களுக்கும் கப்பல் வாடகையும் லாரி வாடகையும் விசாரித்துப் பட்டியல் போட்டு, உலகத் துறைமுகத் தரவரிசை ஒன்றையும் இணைத்து, ‘எது சரி? தகராறு வந்தால் சென்னையிலேயே கேஸ் போட்டுவிடலாம்தானே?’ என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, முதல் ஏற்றுமதியிலேயே இப்படி விசாரித்துப் பட்டியல் போடுபவர்கள் குறைவு. அந்தப் பொறுமையை விட்டுவிடாதீர்கள். ஆனால் பட்டியலில் பாதி உங்கள் செலவே கிடையாது. எஃப்.ஓ.பி. விற்பனையில் கடல் வாடகையைக் கொடுப்பவர் வாங்குபவர். கப்பலை முடிவு செய்வதும் அவர்தான். பெரும்பாலும் அவருடைய ஃபார்வர்டர் உங்களைத் தேடி வந்து புக்கிங் எண் கொடுப்பார். சரக்கைக் கப்பலில் ஏற்றி முடிக்கும் வரை ஆகும் லாரி, சுங்கம், துறைமுகக் கையாளுகை ஆகியவைதான் உங்கள் கணக்கு. அதனால் சென்னையிலிருந்து ஹாம்பர்க்குக்கு என்ன வாடகை, கொச்சியிலிருந்து என்ன வாடகை என்ற வரிகளை இப்போதைக்கு அடித்துவிடுங்கள்.

தூரத்தை எங்கிருந்து அளப்பது?

சேலம் ஒரு விசித்திரமான இடத்தில் இருக்கிறது. சென்னைக்கு ஏறக்குறைய 340 கிலோமீட்டர். கொச்சியும் தூத்துக்குடியும் 350-லிருந்து 380-க்குள் வந்துவிடும். ஆக, சேலத்து கிடங்கிலிருந்து அளந்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உங்கள் பட்டியலிலும் லாரி வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லை.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் என் கண்ணில் பட்டது. பார்ச்மென்ட்டை (உமியோடு காய்ந்த கொட்டை) கோயம்புத்தூரில் க்யூரிங் ஒர்க்ஸில் கொடுத்து, உமி நீக்கி, தரம் பிரித்து, பிறகு சேலத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து கன்டெய்னரில் ஏற்றப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். எதற்காகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்? கோயம்புத்தூரிலிருந்து கொச்சி 190 கிலோமீட்டர்தான். வாளையாறு தாண்டி, குதிரான் சுரங்கம் வழியாக நேர் சாலை. கோயம்புத்தூரிலிருந்து தூத்துக்குடி சுமார் 350, சென்னை சுமார் 500. க்யூரிங் ஒர்க்ஸ் வளாகத்திலேயே கன்டெய்னரை வரவழைத்து ஏற்றி, ஆர்.எஃப்.ஐ.டி. சீல் (மின்னணு முத்திரை) போட்டு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். வழக்கமாகக் காப்பி அனுப்பும் இடங்களில் இதற்கான சுங்க அனுமதி ஏற்கெனவே இருக்க வாய்ப்புண்டு. இருந்தால் உங்கள் சரக்குக்கும் அது செல்லுமா என்பதை சி.எச்.ஏ. (சுங்க வேலைகளைப் பார்க்கும் ஏஜென்ட்) சொல்லிவிடுவார்.

கன்டெய்னரைத் தோட்டத்துக்கே கொண்டுவரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் டிரெய்லரை ஏற்றித் திருப்பும் அபாயத்துக்கு எந்த அவசியமும் இல்லை. சரக்கு எப்படியும் லாரியில் க்யூரிங்குக்கு இறங்கித்தான் ஆக வேண்டும்.

மூன்று துறைமுகங்களும் உங்கள் ஒரு பெட்டியும்

நீங்கள் அனுப்பிய தரவரிசையில் ஷாங்காய் முதலிடம், சிங்கப்பூர் இரண்டாமிடம். 2024-இல் ஷாங்காய் 5 கோடிக்கும் மேலே, சிங்கப்பூர் 4.1 கோடி டி.இ.யு. (20 அடிப் பெட்டிக் கணக்கு) கையாண்டன. ஆனால் இந்த எண்ணிக்கை வரும் விதத்தைக் கவனியுங்கள். ஒரு கப்பலிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றும் பெட்டி இரண்டு தடவை கணக்கில் சேரும். சிங்கப்பூரில் கையாளப்படுவதில் பெரும்பகுதி இப்படிக் கப்பல் மாறும் சரக்குதான். துறைமுகத்தின் அளவு உங்கள் 320 மூட்டைக்கு ஒன்றும் செய்யாது. எந்தக் கப்பல், எங்கே மாறும், எத்தனை நாள் காத்திருக்கும் என்பதுதான் செய்யும்.

சென்னையில் டி.பி. வேர்ல்டு, பி.எஸ்.ஏ. நடத்தும் இரண்டு கன்டெய்னர் முனையங்கள் இருக்கின்றன. வடக்கே எண்ணூரும் காட்டுப்பள்ளியும் தனித்தனித் துறைமுகங்கள். ஃபார்வர்டர்கள் பேச்சு வழக்கில் மூன்றையுமே ‘சென்னை’ என்பார்கள். சட்டத்தின் கண்ணில் அப்படி இல்லை. சுங்கக் குறியீடே வேறு. ஒப்பந்தத்தில் சென்னை என்று எழுதிவிட்டு காட்டுப்பள்ளியில் ஏற்றினால் சரக்கை ஏற்றியதற்கான ரசீதும் உரிமைப் பத்திரமுமான பி.எல்.-லில் காட்டுப்பள்ளி என்றுதான் வரும். நாளைக்கு எல்.சி. (வாங்குபவரின் வங்கி தரும் பண உத்தரவாதம்) வைத்து வியாபாரம் செய்யும்போது அந்த ஒரு வார்த்தைக்காக வங்கி பத்திரங்களைத் திருப்பி அனுப்பலாம். கிழக்காசியாவிலிருந்து வரும் சரக்குக்குச் சென்னை வசதியானது. ரோஸ்டர் விஷயத்தில் அதற்கு வருகிறேன்.

தூத்துக்குடி நல்ல துறைமுகம். கரூர், திருப்பூர் ஜவுளிக்காரர்கள் அதை நம்பித்தான் தொழில் செய்கிறார்கள். அங்கிருந்து ஐரோப்பா போகும் பெட்டிகள் பெரும்பாலும் ஃபீடர் எனப்படும் சிறு கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். பனியனுக்கும் திரைச்சீலைக்கும் இதில் பெரிய கவலை இல்லை. காப்பிக்கு உண்டு.

கொச்சி வல்லார்பாடம் முனையம் 2011-இல் தொடங்கியது. காப்பியும் மிளகும் ஏலக்காயும் தலைமுறைகளாகப் போய்வந்த ஊர் என்பதால், அங்குள்ள சி.எச்.ஏ.க்களுக்கும் சர்வேயர்களுக்கும் உங்கள் சரக்கு புதிது கிடையாது. கொச்சியிலிருந்து போகும் எல்லாக் கப்பலும் நேராக ஐரோப்பா போகும் என்று நினைத்துவிடாதீர்கள். அதையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டிரைக் பயத்தைப் பொறுத்தவரை, டிரெய்லர் ஸ்டிரைக் சென்னையிலும் தூத்துக்குடியிலும்கூட வந்திருக்கிறது. கட்-ஆஃப் நேரத்துக்கு (முனையம் பெட்டியை ஏற்கும் கடைசி நேரம்) மூன்று நாள் முன்பே பெட்டி போய்ச் சேருமாறு திட்டமிடுவதுதான் இதற்கு மருந்து.

விழிஞ்சம் இயற்கையிலேயே ஆழமான துறைமுகம். சர்வதேசக் கப்பல் பாதைக்கு மிக அருகில். 2024 டிசம்பரில் வணிகப் போக்குவரத்து தொடங்கியது. அதன் முக்கிய வேலை கப்பலிலிருந்து கப்பலுக்கு மாற்றுவது. உங்கள் பெட்டி ஒருநாள் அதன் வழியாகப் போகலாம். முதல் சரக்கை அங்கே லாரியில் அனுப்ப யோசிக்க வேண்டாம்.

பெட்டிக்குள் வியர்வை

கப்பல் மாறுவதைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்படுவதற்குக் காரணம் உண்டு. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதிலிருந்து, பல கப்பல்கள் சூயஸைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. வட ஐரோப்பாவுக்கு இதனால் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை கூடுதல். உங்கள் கப்பல் எந்தப் பாதை என்று புக்கிங் நேரத்திலேயே கேளுங்கள். மூட்டைகள் அத்தனை நாளும் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். கோயம்புத்தூர் வெயிலில் ஏற்றிய கொட்டையின் ஈரம் ஆவியாகி, குளிர்ந்த கடல் பகுதிக்குப் போனதும் கூரையில் நீர்த்துளியாகக் கோத்துக்கொள்ளும். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் மூடியைத் திறந்தால் சொட்டுமே, அதேபோல மேல் அடுக்கு மூட்டைகளில் சொட்டும். பூஞ்சணம் பிடித்தால் வாங்குபவர் விலையைக் குறைப்பார், அல்லது எடுக்கவே மாட்டார்.

அதனால் ஏற்றும் அன்று நீங்களோ கூட்டாளி ஒருவரோ நேரில் நில்லுங்கள். காலிப் பெட்டி வந்ததும் உள்ளே போய் இரண்டு கதவையும் வெளியிலிருந்து மூடச் சொல்லுங்கள். இருட்டில் எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். மூச்சை இழுத்து முகர்ந்து பாருங்கள். முன்பு தோலோ ரசாயனமோ போன பெட்டியின் வாடையைக் காப்பி அப்படியே வாங்கிக்கொள்ளும். தரைப் பலகை ஈரமாக இருக்கக் கூடாது. சுவரிலும் கூரையிலும் கிராஃப்ட் காகிதம் ஒட்டி, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடச் சொல்லுங்கள். கொட்டையின் ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பதை அளந்து, சர்வேயர் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். பின்னால் தகராறு வந்தால் இந்தப் போட்டோக்கள்தான் உங்கள் சாட்சி. ஒரு அறுவடையின் உழைப்பு முழுக்க அந்த ஒரு பெட்டியில் இருக்கிறது, தம்பி. அரை நாள் நிற்பது பெரிய விஷயம் இல்லை.

‘சென்னை கேட்டோடு என் பொறுப்பு முடிந்தது’

கடிதத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது. அது சரியில்லை. எஃப்.ஓ.பி. என்றால் சரக்கு கப்பலின் மேல் ஏறும் வரை இழப்பு அபாயம் உங்களுடையது. பெட்டி முனையத்தின் யார்டில் ஐந்து நாள் கிடக்கும்போது மழைவெள்ளம் புகுந்தாலும் அது உங்கள் தலையில்தான் விழும், அந்த இடத்தில் உங்களுக்கு எந்தப் பிடியும் இல்லாவிட்டாலும். அதனால்தான் சர்வதேச வியாபார நிபந்தனைகளான இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகள் கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.சி.ஏ.வைப் பரிந்துரைக்கின்றன. அதில், நீங்கள் குறிப்பிட்ட இடத்தில் வாங்குபவரின் கேரியரிடம் (சரக்கைக் கொண்டுபோகும் நிறுவனம்) ஒப்படைத்ததும் அபாயம் கைமாறிவிடும். வங்கி ‘ஆன் போர்டு’ என்று குறித்த பி.எல். கேட்குமே என்ற கவலைக்கும் அதில் வழி இருக்கிறது: கேரியர் அப்படி ஒன்றை உங்களுக்குத் தரும்படி வாங்குபவர் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம்.

வாங்குபவர் எஃப்.ஓ.பி.யை விட மறுத்தால் சண்டை வேண்டாம். கிடங்கிலிருந்து கப்பல் ஏறும் வரை உங்கள் பெயரில் இன்ஷூரன்ஸ் எடுத்துவிடுங்கள்.

இதைவிட எனக்கு அதிகக் கவலை பி.எல். விஷயத்தில். கப்பலை முடிவு செய்வது வாங்குபவரின் ஃபார்வர்டர் என்றேன் அல்லவா? அவர் உங்களுக்குக் கொடுப்பது பெரும்பாலும் தானே எழுதித் தரும் ஹவுஸ் பி.எல்.; கப்பல் நிறுவனம் தரும் மாஸ்டர் பி.எல். அவர் பெயரில் இருக்கும். ஒரிஜினல் பி.எல். வங்கியில் இருக்கும்போதே, ஃபார்வர்டர் தன் வாடிக்கையாளருக்குச் சரக்கை விட்டுக்கொடுத்துவிட்டால் உங்கள் கையில் இருப்பது வெறும் காகிதம். ஏற்றுமதியாளர்கள் என்னிடம் கண்ணீரோடு வரும் வழக்குகளில் இந்த வகை நிறைய. ஃபார்வர்டர் பதிவு பெற்ற நிறுவனமா, அவருக்கு இந்தியாவில் அலுவலகம் உண்டா என்று பாருங்கள். பி.எல். வாங்குபவர் பெயரில் இல்லாமல் ‘டு ஆர்டர்’ என்று, அதாவது பின்னால் கையெழுத்திட்டு மாற்றிக்கொடுத்தால்தான் சரக்கு கிடைக்கும்படி, இருக்க வேண்டும். பணம் வரும் முன்பு ‘ஒரிஜினல் பி.எல்.லை சரண்டர் பண்ணிடுங்க, சீக்கிரம் கிளியர் ஆகும்’ என்று யார் கேட்டாலும் சம்மதிக்காதீர்கள். ஏற்றுமதிப் பணம் வராமல் போனால் ஈடு தரும் அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் பாலிசி எடுங்கள். அதில் சேரும் முன்பே வாங்குபவரின் நம்பகத்தன்மையைப் பற்றியும் ஓரளவு தெரிந்துவிடும்.

ஹாம்பர்க்குக்குப் பதிலாக ஆன்ட்வெர்ப்பிலோ டிரியெஸ்ட்டிலோ இறக்கினால் சுலபமா என்று கேட்டிருக்கிறீர்கள். காடழிப்பு தொடர்பான ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒன்றுதான். இரண்டு முறை ஒத்திவைக்கப்பட்டாலும் அது வரத்தான் போகிறது. காடழித்த நிலத்தில் விளைந்ததல்ல என்று காட்ட, நான்கு தோட்டங்களின் நிலக் குறியீடுகளையும் (ஜி.பி.எஸ். புள்ளிகள்) இப்போதே எடுத்து வையுங்கள். 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்டம் என்றால் ஒரு புள்ளி போதாது, எல்லையைச் சுற்றி வரைபடமாகவே கேட்பார்கள்.

ரோஸ்டர் வரும் வழி

இதில் சென்னைக்கே என் ஓட்டு. ஷாங்காய், நிங்போ பக்கத்திலிருந்து சென்னைப் பகுதிக்குக் கப்பல்கள் நேரடியாக வருகின்றன. ஆனால் சி.ஐ.எஃப். சென்னை என்றால் எல்லாம் அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதில் அடங்குவது சரக்கு விலை, கடல் இன்ஷூரன்ஸ், கடல் வாடகை. இங்கே இறங்கிய பிறகு வரும் முனையக் கட்டணம், டெலிவரி ஆர்டர் கட்டணம், சி.எஃப்.எஸ். (பெட்டிகளைக் கையாளும் சரக்குக் கிடங்கு) கட்டணம், வரி, லாரி எல்லாம் உங்களுடையது. முழுப் பெட்டி இல்லாமல் பலருடைய சரக்கோடு சேர்ந்து வரும் எல்.சி.எல். என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அங்கே வாடகையை மிகக் குறைவாகக் காட்டி, அதை இங்கே வாங்குபவரிடம் கட்டணங்களாக வசூலிக்கும் வழக்கம் இருக்கிறது. இறக்குமிடக் கட்டணப் பட்டியலை எழுத்தில் வாங்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். மரப் பெட்டியில் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை (மரத்தில் பூச்சி நீக்கியதற்கான சர்வதேச அடையாளம்) இருக்க வேண்டும் என்பதையும் ஆர்டரில் எழுதுங்கள்.

நாட்கணக்கு முக்கியம். கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதி அறிக்கை) தாக்கல் ஆக வேண்டும். தவறினால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய். இது சுங்கத்துக்கு. பெட்டியை யார்டில் வைத்திருக்கும் வாடகையும், காலிப் பெட்டியைத் தாமதமாகத் திருப்பினால் கப்பல் நிறுவனம் போடும் டிடென்ஷனும் தனி. இறக்கி 30 நாளுக்குள் எடுக்காத சரக்கை, நோட்டீஸ் கொடுத்து, சுங்க அனுமதியோடு விற்கவும் சட்டம் இடம் தருகிறது.

‘கஸ்டம்ஸ் தாமதம் செய்தால் வாடகை கட்ட வேண்டாம்’ என்று யாரோ சொன்னது பாதி உண்மை. சுங்கத்துறை பிடித்துவைத்த சரக்குக்கு அந்தக் காலத்துக்கான வாடகை வாங்கக் கூடாது என்று 2009 விதிமுறை சொல்கிறது. அதற்கு அதிகாரியின் சான்று வேண்டும், அது கையில் இருந்தும் வாதாட வேண்டி வரலாம். வழக்கமான சோதனைக்கு ஆகும் தாமதத்துக்கு இந்தச் சலுகை கிடைக்காது.

அப்புறம், இ.பி.சி.ஜி. திட்டத்தில் வரியில்லாமல் ரோஸ்டரைக் கொண்டுவரலாம் என்ற யோசனை. மிச்சமாகும் வரியைப் போல ஆறு மடங்கு மதிப்புக்கு ஆறு வருடத்தில் ஏற்றுமதி செய்ய வேண்டும், அதுவும் அந்த இயந்திரத்தால் தயாரான பொருளாக. நீங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பப்போவது பச்சைக் கொட்டை. ரோஸ்டரில் வறுத்ததைச் சேலத்தில் விற்கப்போகிறீர்கள். கணக்கு பொருந்தாது, கடைசியில் வட்டியோடு வரி கட்ட நேரும். வரியைக் கட்டி இறக்குமதி செய்வதுதான் நிம்மதி.

தகராறு வந்தால்

சென்னையில் ஏற்றியதால் சென்னையில் வழக்கு என்று ஆகிவிடாது. பி.எல்.-லின் பின்பக்கம் பொடி எழுத்தில், எந்த ஊர் நீதிமன்றம் என்று அச்சிட்டிருப்பார்கள்; பெரும்பாலும் அது வெளிநாடு. கப்பலையே பிடித்துவைக்கக் கேட்பது வேறு வழி. கப்பல் வழக்குகளுக்கான 2017 அட்மிரால்டி சட்டப்படி அந்த அதிகாரம் சென்னை, கேரளா உள்ளிட்ட குறிப்பிட்ட உயர் நீதிமன்றங்களுக்கு இருக்கிறது, சேலம் மாவட்ட நீதிமன்றத்துக்கு இல்லை. சேதம் வெளியே தெரியாத வகை என்றால் டெலிவரி எடுத்த மூன்று நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும், ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். வாங்குபவர் ஹாம்பர்க்கில் கதவைத் திறந்த அன்றே உங்களுக்குத் தகவல் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 640 கன்டெய்னர்களோடு மூழ்கியது. விழிஞ்சத்திலிருந்து கொச்சிக்கு வரும் சிறு தூரம்தான். கப்பலில் தீயோ விபத்தோ நேர்ந்து, அதைக் காப்பாற்றச் செலவானால், பிழைத்த சரக்கின் சொந்தக்காரர்களும் அந்தச் செலவில் பங்கு கொடுக்க வேண்டி வரும். இன்ஷூரன்ஸ் இல்லாதவர் இந்தப் பங்கையும் கைக்காசில் கட்ட வேண்டும்.

இந்த வாரம் ஹாம்பர்க்குக்கு எழுதும் பதிலில் மூன்று மாற்றம் கேளுங்கள். ‘எஃப்.ஓ.பி. சென்னை’ என்பதை ‘எஃப்.சி.ஏ. கோயம்புத்தூர்’ என்று மாற்றச் சொல்லுங்கள். முடியாது என்றால் ‘எஃப்.ஓ.பி. கொச்சி’. அடுத்து, கப்பல் எங்கே மாறும், எந்த வழியாகப் போகும் என்பதை புக்கிங்கின்போதே அவருடைய ஃபார்வர்டர் எழுத்தில் தர வேண்டும். மூன்றாவது, பி.எல். ‘டு ஆர்டர்’. கொச்சி முடிவானால், சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் உங்கள் வங்கியின் ஏ.டி. கோடை (அந்நியச் செலாவணி பெறும் வங்கிக் கிளையின் எண்) அந்தத் துறைமுகத்துக்கும் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். காப்பி வாரியப் பதிவும் நான்கு பேரில் யார் பெயரில் ஏற்றுமதி நடக்கிறதோ அவர் பெயரில் இருக்க வேண்டும். திருத்திய வரைவு வந்ததும், கையெழுத்துப் போடும் முன்பு எனக்கு அனுப்புங்கள்.